விமானம் விழுந்தது, நாங்கள் வரிசையில் நின்றோம்

போன புதன்கிழமை காலை மீன் வாங்க நிலாவெளிக்குப் போயிருந்தேன். எல்லாருமாகக் கயிறு பிடித்து இழுத்த கரைவலை பாதி தூரம் வந்திருந்தது. அப்போதுதான் ஒரு சின்ன விமானம் இருமிக்கொண்டு தலைக்கு மேலே வந்தது.

விமானச் சத்தம் கேட்டால் மற்ற ஊர்களில் அண்ணாந்து பார்ப்பார்கள். நாங்கள்? குப்புறப் படுப்போம். கயிற்றை விட்டுவிட்டு அத்தனை பேரும் மணலில் படுத்தோம். மீன் எல்லாம் போச்சுதே என்று பக்கத்தில் படுத்திருந்த வலைக்காரச் சம்மாட்டி முனகினார். குண்டு விழவில்லை... விமானமே விழுந்தது. உருண்டு வந்த சில்லு மணலில் புதைய, மூக்குக் குத்தி நின்றது.

உள்ளேயிருந்து விமானப்படை உடுப்போடு ஒரு பொடியன் தள்ளாடி இறங்கினான். நெற்றியில் இரத்தம். விமானம் ஓட்டப் பழகுகிறவன், இருபது வயதுகூட இருக்காது.

ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தோமா? எங்கே... அவன் முன்னால் வரிசையாக நின்றோம். பொலித்தீனில் சுற்றி இடுப்பில் செருகியிருந்த அடையாள அட்டையை ஆளாளுக்கு நீட்டினோம். யாரும் கேட்கவில்லை. யூனிபோமைக் கண்டால் கை தானாகப் போகிறது, என்ன செய்ய? பாவம், அவனும் முதல் இரண்டை வாங்கிப் பார்த்தான்.

வரிசையில் கடைசி ஆள் நான். என் அட்டை வீட்டில், கழற்றிப் போட்ட சட்டையில் இருந்தது. அட்டை இல்லாதவனை எங்கே கொண்டுபோவார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

மிச்ச அட்டைகளைப் பார்க்காமலே தள்ளாடி என் முன்னால் வந்து, “தண்ணி” என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான் போலும். சம்மாட்டியின் போத்தலில் இருந்த பால் இல்லாத பிளேன்டியை ஊற்றிக் கொடுத்து, முகம் துடைக்கிற என் லேஞ்சியால் அவன் நெற்றியைக் கட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் இராணுவ ட்ரக் வந்தது. அதிகாரி எல்லாருடைய அட்டையையும் பார்த்துவிட்டு என்னிடம் தமிழிலேயே கேட்டார்.

“உங்கட ஐசி எங்க?”

“வீட்டில விட்டிட்டு வந்திட்டன், சேர்.”

“எங்கட ஆள்தான் சேர், நல்லாத் தெரியும்,” என்றார் சம்மாட்டி. எடுபடவில்லை.

“ட்ரக்கில ஏறுங்க.”

ஒரு காலைத் தூக்கி வைத்தேன். அப்போது பொடியன் நெற்றிக் கட்டைத் தொட்டுக் காட்டிச் சிங்களத்தில் ஏதோ சொன்னான். என் அரைகுறைச் சிங்களத்துக்கு விளங்கிய மட்டில், ‘எனக்கு உதவினவர், விடுங்கள்.’

“உன் அட்டை எங்கே?” என்று அதிகாரி அவனையும் பிடித்தார். அவன் எல்லாப் பைகளையும் தடவினான். முகாமிலேயே விட்டுவிட்டு வந்தானாம். அதிகாரி மூக்குக் குத்தி நின்ற விமானத்தை ஒருதரம் பார்த்தார். சிரித்துவிட்டு என்னை இறங்கச் சொன்னார்.

சம்மாட்டிக்கு என்னை இருபது வருடமாகத் தெரியும். அந்தப் பொடியனுக்குக் கால் மணித்தியாலமாகத்தான் தெரியும்.