மாட்டு விலை இறங்கினால் வரம்பு ஏறும்

கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி வயிறு வளர்க்கிறவன் நான். நல்ல காலத்தில் அரசாங்கம் தன் கடன் வரம்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும், தொழில் படுத்த காலத்தில் தளர்த்த வேண்டும் என்று வருஷா வருஷம் பாடம் எடுக்கிறேன். எது நல்ல காலம் என்று அந்த வருஷத்திலேயே எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால், நேரமாகிவிட்டது என்று புத்தகத்தை மூடிவிடுவேன்.

கடத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே மகளிர் குழுவுக்கு என் மனைவிதான் தலைவி. அவள் அடிக்கடி மாட்டுச் சந்தைக்குப் போவாள். ஒரு மாடும் வாங்கியதில்லை. வேடிக்கை பார்க்கப் போகிறாள் என்று கேலி செய்வேன்.

தக்காளி நல்ல விலைக்குப் போன வருஷம், ஆளுக்கு இவ்வளவுதான் கடன் என்ற வரம்பை அவள் பாதியாக்கினாள். மிச்சப் பணம் வங்கியில் கிடந்தது. அவள் பேரில் கடன் வாங்கிப் புது பைக் எடுக்கலாம் என்றிருந்த எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு நாள் பேசவில்லை. அவளுக்கு அது நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. குழுவில் கணவரை இழந்த அக்கா ஒருவர். இரண்டு கறவை மாடுகள்தான் அவருக்குச் சோறு. வரம்புவரை கடன் வாங்கியும் தீவனத்துக்குப் போதவில்லை. ஒரு மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப் போனார். பாதி விலைக்குக் கேட்டார்கள். என் மனைவி அங்கேதான் நின்றிருந்தாள். மாட்டைத் திருப்பி ஓட்டிப் போகச் சொல்லிவிட்டு வந்தாள்.

அன்று மாலையே குழுவைக் கூட்டி, வரம்பைப் பழைய அளவுக்கும் மேலே ஏற்றச் சொன்னாள். வருமானமே இல்லாதபோது கொடுத்தால் எப்படித் திரும்பும் என்று எல்லோரும் பயந்தார்கள்.

"சந்தையில மாட்டு வெல எறங்குதுன்னா, எல்லாரும் முடியாம விக்கறாங்கன்னு அர்த்தமுங்க. அப்பத்தான் குடுக்கணும். போன வருசம் புடிச்சு வெச்சது இதுக்குத்தான்."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நான் புத்தகத்தை மூடி மூடித் தப்பித்த கேள்விக்கு அதுதான் பதில். பெருமையாக இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும்.

மாடுகள் இரண்டும் தப்பின. மழை வந்தது, சந்தையில் விலை ஏறியது. வரம்பை மறுபடி குறைக்கும் பேச்சை என் மனைவி எடுத்ததும் கூட்டத்தில் முணுமுணுப்பு. மாட்டுக்கொட்டகை போடக் கடன் கேட்டிருந்த அந்த அக்காதான் முதலில் எழுந்தார்.

"கொறச்சிடுங்க. என் கொட்டாய அடுத்த வருசம் பாத்துக்கலாம். அடுத்தது யாரு மாடு சந்தைக்குப் போவுமோ."

என் பைக்கும் அத்தோடு இரண்டாம் முறை போயிற்று. மறுநாள் பழைய வண்டியை உதைத்துக் கிளப்பிக் கல்லூரிக்குப் போனேன். யாரும் கேட்காமலேயே, சந்தையின் மாட்டு விலையிலிருந்து பாடத்தைத் தொடங்கினேன்.