இருபத்தெட்டு வேண்டாம்

நீவெஸ் கல்லெரானி அந்தப் பல்கலைக்கழகத்தில் வாயிற்காவலராகச் சேர்ந்தபோது அவளுக்கு வயது இருபத்து மூன்று. சாவிக்கொத்து, கரும்பலகை, பேராசிரியர்களின் மழைக்கோட்டு எல்லாம் அவள் பொறுப்பு. கால் நூற்றாண்டாக அவளுக்குத் தெரியாமல் அங்கே ஒரு ஜன்னல்கூடத் திறந்ததில்லை.

வேலை செய்பவர்களும் படிக்கலாம், அதற்குச் சம்பளத்தோடு நேரம் கொடுக்க வேண்டும் என்று இத்தாலித் தொழிற்சங்கங்கள் போராடி வாங்கிய காலம் வந்தது. நீவெஸ் முதலில் விட்டுப்போன பள்ளிப் படிப்பை முடித்தாள். பிறகு, தான் கதவு திறந்துவிடும் அதே கட்டடத்தில் மாணவியாகச் சேர்ந்தாள். சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் புருஷன் வால்தெர் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"இந்த வயசுல எதுக்குடி வேண்டாத வேலை?"

"தொப்பையை வெச்சுக்கிட்டு நீ சைக்கிள் பந்தயம் ஓடலியா?"

ஐம்பதை நெருங்கும்போது ஒரே ஒரு தேர்வு மிச்சம். பேராசிரியர் பிரான்தியின் சமூகச் சிந்தனை வரலாறு. முன்னேற்றம் என்ற கருத்தைப் பற்றி அவர் நடத்தும் பாடம் ஊரறிந்தது. ஜூனில் தேறினால் ஜூலையில் பட்டம். தவறினால் இலையுதிர்காலம், அப்போது ஆலையில் சர்க்கரைக்காகப் பீட்ரூட் அரைப்பு நடக்கும், வால்தெருக்கு அரை நாள்கூட லீவு கிடைக்காது. அவன் இல்லாமல் பட்டம் வாங்க அவளுக்கு மனமில்லை.

தேர்வு வாய்மொழிதான். கதவு திறந்தே இருக்கும், யார் வேண்டுமானாலும் பின்பெஞ்சில் உட்கார்ந்து கேட்கலாம். அன்று காலை பிரான்தி நான்கு பேரைப் பிழிந்து எடுத்திருந்தார். முப்பதுக்குப் பத்தொன்பது வாங்கிய ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அடுத்து நீவெஸ்.

"வா நீவெஸ், உக்காரு. உன்னைப் போய் என்னத்தக் கேக்குறது?" என்று சிரித்தார் பிரான்தி. எந்தப் புத்தகம் பிடித்தது, ஏன் பிடித்தது, அவ்வளவுதான். நான்கே நிமிஷம். "இருபத்தெட்டு. சந்தோஷம்தானே?" என்று பேனாவை எடுத்தார்.

பின்பெஞ்சு கை தட்டியது. நீவெஸுக்கு முகம் எரிந்தது. ஏழு வருஷம் சமையலறை மேஜையில் கண்விழித்துப் படித்தவளுக்கு இதைவிட அவமானம் வேறென்ன இருக்கிறது? கையெழுத்துப் போடும்வரை மதிப்பெண்ணை மறுக்க மாணவருக்கு உரிமை உண்டு. குறைவாகப் போட்டால் மறுப்பார்கள். இருபத்தெட்டை மறுத்தவரை அந்தக் கட்டடம் பார்த்ததில்லை.

"வேண்டாம் சார்."

"என்ன, முப்பது வேணுமா?"

"மத்தவங்களைக் கேட்ட மாதிரி என்னையும் கேளுங்க."

"தவறிப்போச்சுன்னா ஜூலை போயிடும், நீவெஸ்."

"போகட்டும் சார். கோட்டு மாட்டிவிட்டதுக்கு நன்றி சொல்லணும்னா கிறிஸ்துமஸுக்கு ஒரு கேக்கு வாங்கிக் குடுங்க."

பிரான்தியின் காது சிவந்தது. பேனாவை மூடினார். பிறகு நிஜமாகவே கேட்டார், முக்கால் மணி நேரம். முன்னேற்றம் தானாகவே வரும் என்று பதினெட்டாம் நூற்றாண்டுக்காரர்கள் நம்பியது சரியா என்றார்.

அவர்கள் சொன்னதைப் பிசகாமல் சொல்லிவிட்டு நீவெஸ் தொடர்ந்தாள். "ஆனா தானா எதுவும் வரல சார். நான் சேர்ந்தப்ப இந்த மாடியில பொண்ணுங்களுக்குக் கழிவறையே கிடையாது. ஒம்பது வருஷம் மனு எழுதுனோம்."

"அது புத்தகத்துல இல்லையே."

"வெளிய இடது பக்கம் ரெண்டாவது கதவு சார். போய்ப் பாத்துட்டு வாங்க."

பின்பெஞ்சு வாயைப் பொத்திக்கொண்டது. பிரான்தி விடவில்லை, மேலும் குடைந்தார். இரண்டு கேள்விக்கு அவள் திணறி, கடைசியில் தெரியாது என்று ஒப்புக்கொண்டாள்.

அவர் மறுபடி பேனாவைத் திறந்தார். "இருபத்து நாலு, கல்லெரானி அம்மா. ஏத்துக்கிறீங்களா?"

அவள் கையெழுத்துப் போட்டாள். நிமிர்ந்து எழுந்தாள்.

வால்தெர் வெளியே காத்திருந்தான். விஷயம் அதற்குள் அவன் காதுக்கு எட்டியிருந்தது. "தேறிட்டே, சரி. குடுத்த இருபத்தெட்ட விட்டுட்டு இருபத்து நாலோட வந்திருக்கியே, உனக்குக் கூறு இருக்கா?"

"இதுல ஒரு மார்க்குகூட சும்மா வந்ததில்ல, வால்தெர்."

அன்று மதிய ஷிப்டில் அவன், இருபத்தெட்டை வேண்டாம் என்றவளின் புருஷன் நான்தான் என்று ஆலையில் ஒருவர் விடாமல் நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.