சாம்பிராணி குடித்த நார்

கார் கதவின் உள்பக்கம் கை படுகிற பலகை முழுக்கப் பிளாஸ்டிக் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலையில் அதைத் தேங்காய் நாரில் செய்தோம். நாரையும் பிளாஸ்டிக் இழையையும் கலந்து மெத்தை மாதிரி விரித்து, சூடாக்கி, பிரஸ்ஸில் வைத்து அழுத்தினால் பலகை. நல்ல பலகை. எடை குறைவு, உடைந்தாலும் கையைக் கிழிக்காது. அந்த லைனுக்கு அப்போது நான்தான் இன்சார்ஜ். நாருக்கு எதிர்காலம் இல்லை என்று இப்போது எவனாவது பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நார் பேராவூரணிப் பக்கம் ஒரு மில்லிலிருந்து வந்தது. புருஷன் இறந்த பிறகு ஓர் அக்கா தனியாக நடத்துகிற மில். நார்த்தூளை வெளிநாட்டுக்காரன் அள்ளிக்கொண்டு போகிறான், நாரைத்தான் கேட்க ஆளில்லை என்பார். மற்ற மில்களில் தேங்காய் மட்டையைக் கிடைத்த தண்ணீரில் நனைத்து மெஷினில் போட்டுவிடுவார்கள். நார் அழுகல் வாடை அடிக்கும். இவர் எங்களுக்காகவே போர்வெல் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு முறை அலசி, சிமெண்ட் களத்தில் காயவைத்து அனுப்பினார். இந்த ஆர்டர் நிலைத்தால் மில் ஓடும், இல்லாவிட்டால் பூட்டிவிட வேண்டியதுதான் என்று முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார்.

அலசச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கார் கம்பெனியில் வாசனைக்கு ஒரு டெஸ்ட் இருக்கிறது. பலகையில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி ஜாடியில் போட்டு மூடி, அடுப்பில் சூடாக்கித் திறந்து ஐந்து பேர் மோந்து பார்ப்பார்கள். ஒன்றிலிருந்து ஆறு வரை மார்க். ஒன்று என்றால் வாசனையே இல்லை. நல்ல வாசனை, கெட்ட வாசனை என்ற பேச்சே அதில் கிடையாது. வாசனை தெரிந்தால் மார்க் ஏறும், மார்க் ஏறினால் ஃபெயில். எங்கள் பிளாண்டிலும் மோந்து பார்க்க ஐந்து பேர் இருந்தோம். டெஸ்ட் அன்றைக்கு வெங்காயம் கூடாது, தலையில் எண்ணெய் கூடாது, பெண்கள் பூ வைக்கக் கூடாது. எங்கள் மூக்குக்கு அக்காவின் நார் சுலபமாகத் தேறியது.

இனி கார் கம்பெனிக்குச் சோதனைக்குப் போகிற முதல் டிரையல் லாட் மட்டும்தான் பாக்கி. எங்கள் பிளாண்ட் தலைவர், மீட்டிங் மீட்டிங்காகப் போய் இலை படம் போட்ட ஸ்லைடைக் காட்டி, எதிர்காலமே இயற்கை நார்தான் என்று பேசுகிறவர். நார்க்கட்டு ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை. லாட் ஓட்டுகிற காலையில் பூஜை என்றார். புது லைனுக்குப் பூஜை போடாத கம்பெனி இந்த ரோட்டில் கிடையாது. என் வண்டிச் சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுங்கியிருக்கிறது. ஆனால் இந்த ஆள் நார்க்கட்டுகளைப் பிரித்து மெஷினுக்கு முன்னால் அடுக்கச் சொன்னார். வெளியே மழை, ஷட்டரை இறக்கியிருந்தார்கள். செக்யூரிட்டி சாம்பிராணியும் தூபக்காலுமாக வந்தார்.

நான் போய்ச் சொன்னேன். "சார், நார் புகையைக் குடிச்சுரும். கட்டை மூடிட்டுப் போடச் சொல்லுங்க."

"சாமி காரியத்துல குறுக்க பேசாதய்யா. நல்லாப் போடுப்பா, நார்ல படட்டும்."

போட்டார். புகையில் எதிரே நின்றவன் முகம் தெரியவில்லை. லைனில் வேலை செய்கிற பொண்ணு ஒருத்தி என் பக்கத்தில் வந்து, "அண்ணே, நாளைக்கு ஜாடியத் தொறந்தா விபூதி குடுப்பாங்களா?" என்று கேட்டாள்.

மறுநாள் ஜாடியைத் திறந்தோம். சூட்டில் சாம்பிராணி கருகி, தொண்டையை அடைத்தது. ஐந்து பேரும் ஐந்து மார்க் போட்டோம். அனுப்பாதீர்கள், புகை படாத மிச்சக் கட்டுகளில் வேறு லாட் ஓட்டலாம் என்று சொன்னேன். தலைவர் ஒரு முறை மோந்து பார்த்துவிட்டு, கோயில் வாசனை யாருக்குக் கசக்கும், மார்க் கூடத்தான் போடுவான் என்று லாரியை அனுப்பினார். டெஸ்ட் எதற்கு என்பதே தெரியாத ஆள்தான் நாரின் எதிர்காலத்தைப் பற்றி ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார்.

ஃபெயில் ஆகித் திரும்பியது. கார் கம்பெனி காரணம் கேட்ட மெயிலுக்குப் பதில் தயாரானது: தேங்காய் நாருக்கு இயல்பிலேயே வாசனை உண்டு, சப்ளையர் சரியாகச் சுத்தம் செய்யவில்லை. கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். வேறு ஒருவர் போட்டார். சூடு சொரணை உள்ளவன் அந்த வரியை எழுத மாட்டான். இன்று அதே பிரஸ்ஸில் வெறும் பிளாஸ்டிக் ஓடுகிறது. அதன் மேல் நார் மாதிரி கோடு அச்சடிக்கிறார்கள். பெட்டியில் பச்சை இலை ஸ்டிக்கர் வேறு.

ஆர்டர் போன சேதி கேட்டதும் அக்கா பஸ் ஏறி வந்துவிட்டார். உள்ளே விடவில்லை. ஷிப்ட் முடிந்து சுங்குவார்சத்திரம் டீக்கடையில் அவரைப் பார்த்தேன். மடியில் ஒரு பை நிறைய நார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"தம்பி, எந்தத் தண்ணியில தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க. மாத்திக்கிறேன்."

நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் பையிலிருந்து ஒரு கை நாரை எடுத்து மோந்து பார்த்தார்.

"இத எழுதிக் குடுப்பீங்களா?"

வீட்டில் இரண்டு பிள்ளைகள், படப்பையில் வாடகை வீடு. யோசிக்காமல் எழுதினேன் என்று பொய் சொல்ல மாட்டேன். இன்னொரு டீ குடித்தேன். பிறகு எழுதினேன். உங்கள் நார் எங்கள் டெஸ்டில் தேறியது, வாடை எங்கள் ஷெட்டில் போட்ட புகையால் வந்தது என்று நாலு வரி. கீழே என் கம்பெனி டோக்கன் நம்பர் போட்டுக் கையெழுத்து.

அந்தத் தாளையும் பை நாரையும் அவர் மறைமலை நகரில் வேறு ஒரு பிளாண்டுக்கு எடுத்துப் போனார். தாள் போன சேதி இங்கே வர ஒரு வாரம் ஆனது. என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். இப்போது ஸ்க்ரூ எண்ணுகிறேன். போன வாரம் அக்கா போன் பண்ணினார். அங்கே நார் தேறிவிட்டது, இரண்டாவது லோடு கேட்கிறார்கள், களத்தில் காய்கிறது, மழை வராமல் இருக்க வேண்டும் என்றார்.