உடம்புக்கு முடியல

விடுதியில் அவளைச் சலவையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மாடி அறைகளிலிருந்து இறங்கி வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்து மேலே அனுப்பும் கீழ்த்தள அறையில் அவளுக்கு வேலை. ஜன்னல் கிடையாது. மெஷின் சூட்டில் சுவரே வியர்க்கும்.

அவள் வாயைத் திறந்தால் முதலில் வருவது ‘முடியல’. பஸ்ஸில் கூட்டம் என்றால் முடியல. மேனேஜர் சிடுசிடுத்தால் முடியல. சிரிப்பு அடங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும்போதும், “ஐயோ, முடியலடி!” அதனால் நிஜமாகவே உடம்புக்கு முடியாமல் போனபோது, சொல்ல அவளிடம் வேறு வார்த்தை இருக்கவில்லை.

“எனக்கு முடியலைங்க,” என்றாள் கணவனிடம். லோடு வண்டி ஓட்டுகிறவன். செருப்பை மாட்டிக்கொண்டே, “யாருக்குத்தான் முடியுது?” என்று கிளம்பிவிட்டான். கெட்டவன் இல்லை. அவன் இடுப்பு அவனைப் படுத்திக்கொண்டிருந்தது. கூடவே இருந்த நாத்தனார், “அண்ணி முடியலன்னு சொல்லிட்டாங்க, பொழுது விடிஞ்சிடுச்சு,” என்றாள். சொல்லிவிட்டு நாத்தனார் சிரிக்க, அவளும் சேர்ந்து சிரித்தாள்.

பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து சேர்க்க வேண்டும். அவளுக்கு ஜோடி, குட்டையம்மா. ஒரு நாள் உதற உதற இவள் பக்கம் தொய்ந்துகொண்டே இருந்தது.

“இழுத்துப் புடிடி.”

“முடியலக்கா.”

கிண்டல் செய்ய வாயெடுத்த குட்டையம்மா அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். உதட்டில் பொட்டு ரத்தம் இல்லை. விரிப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து, சரிந்தவளைத் தாங்கிப் பிடித்தாள்.

மறுநாள் நாத்தனார்தான் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

“என்ன பண்ணுது?” என்று கேட்டார் டாக்டர்.

“முடியல டாக்டர்.”

“முடியலன்னா? வலிக்குதா, மயக்கமா வருதா, மூச்சு வாங்குதா?”

யோசித்தாள். படி ஏறினால் மூச்சு வாங்கும். படி என்றால் வாங்கத்தானே செய்யும்? “எல்லாமே கொஞ்சம் கொஞ்சம்,” என்றாள், தப்பு செய்தவள்போல.

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. “பல்லு வெளக்கும்போதே சுவத்தைப் புடிச்சுக்கிறாங்க டாக்டர். வேலையிலேருந்து வந்தா செருப்பைக்கூட கழட்டாம உக்காந்துடுறாங்க. கையைத் தூக்க முடியாம, தலையை வாராமலே சுத்தி முடிஞ்சுக்கிறாங்க.”

அவள் திரும்பிப் பார்த்தாள். இதையெல்லாம் இவள் எப்போது கவனித்தாள்?

ரத்தம் மிகவும் குறைந்திருந்தது. மாதாமாதம் அளவுக்கு மீறிப் போனதை அவள் யாரிடமும் சொன்னதில்லை என்பதும் அன்றுதான் தெரியவந்தது. ஊசி, மாத்திரை, நல்ல ஓய்வு என்றார் டாக்டர். “ஓய்வை எந்தக் கடையில போய் வாங்குறது?” என்று நாத்தனார் வழியெல்லாம் யாரையோ திட்டிக்கொண்டே வந்தாள்.

குட்டையம்மா மேனேஜரிடம் மன்றாடியதில், உட்கார்ந்தபடி தலையணை உறைகளுக்குப் பொத்தான் தைக்கும் வேலை கிடைத்தது. உடம்பு மெல்லத் தேறியது. ஆனால் பழக்கதோஷத்தில் ‘முடியல’ என்றால் போதும், கணவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறான்.

“என்ன பண்ணுது? தலை சுத்துதா?”

“ஒண்ணும் பண்ணல. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

“சும்மா சொல்லாத. எனக்கு ஈரக்கொலை நடுங்குது.”

பாவமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. களைப்பு முழுதாகப் போய்விடவில்லை. இப்போதெல்லாம் வெறும் பெருமூச்சு விடுகிறாள், அதுவும் பக்கத்தில் யாரும் இல்லாதபோது.