டாக்டரம்மா வீசும் துண்டு

ஜெல் பாட்டிலை வெந்நீர்ச் சொம்புக்குள் நிறுத்திவிட்டு, அடுத்த ஆளை உள்ளே அனுப்பச் சொல்கிறார் டாக்டர் ஆனந்தமேரி. "வயித்துல ஜில்லுனு பட்டா தூக்கிவாரிப் போடும். ஏற்கெனவே பயந்துக்கினுதான வராங்க?" என்பது அவர் கட்சி. கள்ளக்குறிச்சிக்கு அவருடைய ஸ்கேன் மிஷின் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் அந்தச் சொம்பும் மிஷினின் ஒரு பாகமாகிவிட்டது.

சினைப்பையில் கட்டி என்று வருகிறவர்களுக்கு அவர் நடத்தும் பாடம் ஒன்றுதான். "வெறும் தண்ணியா இருந்தா திரையில கருப்பா, சுத்தமா தெரியும். சுவரு மெல்லிசா, வழவழன்னு இருக்கணும். உள்ள சதை மொளச்சிருந்தா, வயித்துல நீர் கோத்துக்கினு இருந்தாதான் நமக்கு வேல ஜாஸ்தி." புற்று என்ற சொல்லை அந்த அறைக்குள் அவர் விடுவதில்லை. படம் பார்க்கும்போது முகத்திலும் எதையும் காட்டமாட்டார். கீழுதடு மட்டும் உள்ளே மடங்கியிருக்கும்.

உதவியாள் தைலம்மாளிடம் மட்டும் அந்த ஜம்பம் பலிக்காது. சேதி கெட்டது என்றால், டாக்டரம்மா வயிற்றிலுள்ள ஜெல்லைத் தன் கையாலேயே நிதானமாகத் துடைத்துவிடுவார். நல்லது என்றால் துண்டை நோயாளியிடமே வீசிவிடுவார். தைலம்மாள் கண்டுபிடித்து வைத்திருக்கும் இந்த ரகசியம் டாக்டரம்மாவுக்கே தெரியாது.

போன செப்டம்பரில், இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம், சாலையெங்கும் மரங்கள் குறுக்கே கிடந்தன. ஒரு பஸ் ஓடவில்லை. எலவனாசூர்கோட்டையிலிருந்து பூமாலை, புருஷன் காசிநாதனின் சைக்கிள் கேரியரில் வந்து இறங்கினாள். நாற்பத்தெட்டு வயதில் ஆறு மாதக்காரி போல வயிறு. அவளுடைய அக்கா இப்படி வயிறு பெருத்துத்தான் செத்துப்போனாள்.

சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் படம் தெளிவாக விழும். அதனால் 'நிறையத் தண்ணீர் குடித்து, அடக்கிக்கொண்டு வரவும்' என்று முந்தின வாரமே சீட்டு கொடுத்திருந்தார்கள். காசிநாதன் அதை மரத்துக்கு மரம் காட்டியிருக்கிறான். மறியல்காரர்கள் சைக்கிளைத் தூக்கி அப்பால் வைத்ததோடு விடாமல், சீட்டைப் படித்துப் பார்த்து ஆளுக்கொரு சொம்பு தண்ணீரும் கொடுத்து வழியனுப்பியிருக்கிறார்கள். மொத்தம் ஒன்பது மரம்.

"அவ மட்டும் கஷ்டப்படறாளேன்னு நானும் குடிச்சிக்கினே வந்தேங்க," என்றான் காசிநாதன், கால் மாற்றி நின்றபடி. ஆனந்தமேரிக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

"அக்காவுக்கு வந்ததுதானாங்க இது?" படுத்துக்கொண்டே கேட்டாள் பூமாலை.

"இரும்மா, பாக்கறேன். இது மூத்திரப்பை. ஒம்போது மரமும் இதுக்குள்ளதான் கீது."

அதற்குப் பக்கத்தில் இன்னொரு பெரிய கருப்பு வட்டம். அதன் நடுவே ஒரு கோடு. டாக்டரின் கை நின்றது. கோடு தடிப்பாக இருந்தால் கதை வேறு. அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார். வெங்காயச் சருகு போல மெல்லிய சவ்வுதான். கட்டியின் சுவரைச் சுற்றி வந்தார். ஒரு முளைகூட இல்லை. வயிற்றில் நீரும் இல்லை. நம்பாமல் மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

பிறகு துண்டை எடுத்தார். தைலம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆபரேசன் பண்ணி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். ஆனா நான் பாத்த வரைக்கும் கெட்ட கட்டி இல்லம்மா." துண்டு பூமாலையின் கைக்குப் பறந்தது. "நீயே தொடச்சிக்கினு, மொதல்ல ஓடு!"

பூமாலை ஓடினாள். கழிப்பறை உள்ளே தாழிட்டிருந்தது. காசிநாதன்!

ஆனந்தமேரியே போய்க் கதவைத் தட்டினார். "யோவ், வெளிய வாய்யா! உன் பொண்டாட்டிக்கு ஒண்ணும் பயமில்ல!"

உள்ளே ஒரு விசும்பல். கதவு திறந்ததுதான் தாமதம், பூமாலை அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கண்ணும் மூக்கும் ஒழுக நின்றவனைப் பார்த்த ஆனந்தமேரி, அலமாரியிலிருந்து சலவைத் துண்டு ஒன்றை எடுத்து அவனிடமும் வீசினார்.