கூரையைத் தட்டிப் பார்த்த மாப்பிள்ளை

கல்யாணம் முடிந்து முதல் கிறிஸ்மஸுக்கு என் கணவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, செருப்பைக் கழற்றியதும் செய்த முதல் காரியம், மூலையில் சாத்தியிருந்த ஒட்டடைக் கம்பை எடுத்துக் கூரையைத் தட்டிப் பார்த்ததுதான். அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. திண்டுக்கல்லில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்துகொண்டு, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவர் எழுப்பிய வீடு அது. உத்தரம் போட்டு, செங்கல் அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து இட்ட மட்டப்பாக் கூரை. வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து நல்லதாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுக் காப்பி குடிப்பார்கள். சந்தையில் தேங்காய் தட்டுவதுபோல் தட்டியவர் இவர் ஒருவர்தான்.

"அடுப்படிப் பக்கம் பொள்ளலாச் சத்தம் கேக்குது மாமா" என்றார். அப்பா பேப்பரை விரித்துக்கொண்டார்.

இவருக்கு ஊர் ரெட்டியார்சத்திரம் பக்கம். மழை பொய்த்த வருஷத்தில் உறவுக்காரர் ஒருவர் பின்னால் ரயிலேறி, வடக்கே காட்டுக்குள் இருந்த ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் போய்ச் சேர்ந்தவர். படித்துப் பரீட்சை எழுதி அங்கே சர்தார் ஆனார். எங்கள் தெருவில் அதைக் கேட்டவர்கள், அப்படியானால் தலைப்பாகை எங்கே என்று கேட்டார்கள். சுரங்கத்தில் சர்தார் என்றால் மேஸ்திரி மாதிரி. ஆட்கள் இறங்குவதற்கு முன்னால் அவர் விளக்கோடு உள்ளே போக வேண்டும். விளக்கின் சுடருக்குமேல் நீலம் பூத்தால் கெட்ட காற்று இருக்கிறது என்று அர்த்தம். கூரையைக் கம்பால் தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் ஒருவரையும் உள்ளே விடக்கூடாது. அந்தப் பழக்கத்தைத்தான் மனிதர் மாமனார் வீடுவரை கொண்டுவந்துவிட்டார்.

சுரங்கத்தில் எப்படி வேலை நடக்கும் என்று என் தம்பிமார் கேட்டதற்கு, பேகம்பூர்க் கடையில் வாங்கி வந்த அல்வாத் தட்டை எடுத்து நடுவில் வைத்தார். கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகத் தெரு வெட்டினார். வெட்டியதெல்லாம் தம்பிமார் வாய்க்குப் போயிற்று. இடையில் நின்ற சதுரங்கள்தான் தூண்கள், அவைதான் மேலே இருக்கிற மலையைத் தாங்குகின்றன என்றார். சுரங்கம் முழுக்கத் தெரு போட்டான பிறகு, கடைசி மூலையிலிருந்து ஒவ்வொரு தூணாக எடுத்துக்கொண்டே வாசலை நோக்கிப் பின்வாங்க வேண்டுமாம்.

அதுவரை கேட்காததுபோல் இருந்த அப்பா பேப்பரை இறக்கினார். "தூண எடுத்துட்டா கூரை என்னத்துக்கு ஆகும்?"

"விழுந்துரும் மாமா. விழணும். விழாம நின்னா மொத்தப் பாரமும் சேந்து ஒரேயடியா எறங்கும், அதுதான் பயம்."

இப்படிப்பட்ட தொழில்காரருக்குப் பெண்ணைக் கொடுத்திருக்கிறோமே என்று அம்மாவை ஒரு பார்வை பார்த்தார் அப்பா.

அந்தச் சுரங்கத்தின் சரித்திரத்தையும் அல்வா தீரும்வரை சொன்னார். வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று ஓடைக்கரையில் கறுப்புக் கல்லைக் கண்டு தோண்ட ஆரம்பித்ததாம். முதலில் புருஷன் வெட்ட, பெண்டாட்டி கூடையில் சுமந்து மேலே கொண்டுவந்திருக்கிறாள். பிறகு பெண்கள் உள்ளே இறங்கக்கூடாது என்று சட்டம் வந்தது. மட்டக்குதிரைகள் வந்து தண்டவாளத்தில் கரித்தொட்டிகளை இழுத்தன. அதற்கும் பிறகு இரும்புக் கயிறும் எஞ்சினும். இவர் சேர்ந்தபோது ஓய்வு பெற்ற குதிரை ஒன்று மட்டும் மேலே புல் மேய்ந்துகொண்டிருந்தது. அதைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலில் வந்த குழைவு, என் பெயரைச் சொல்லும்போது வந்ததில்லை.

மறுநாள் காலையில் வண்டியில் சவுக்குக் கட்டைகள் வந்து இறங்கின. அவற்றை அடுப்படியில் நிறுத்தி, தலைமாட்டில் ஆப்பு அடித்துக் கூரைக்கு முட்டுக்கொடுத்தார். அப்பா அந்த லீவு முடியும்வரை மாப்பிள்ளையோடு பேசவில்லை. அம்மா இரண்டு நாள் அந்தக் கட்டைகளில் இடித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் ஒரு கட்டையில் ஆணி அடித்துக் கரண்டிகளை மாட்டினாள், இன்னொன்றில் வெங்காயச் சரம் தொங்கியது. கோடையில், அந்த வீட்டைக் கட்டிய கொத்தனாரே வந்து பார்த்துச் சிரித்தார். கனம் குறையட்டும் என்று அந்த இடத்தில் மண்சட்டிகளைக் கவிழ்த்து வைத்து மேலே சாந்து போட்டிருந்தாராம். பொள்ளல் உண்மை, ஆபத்து பொய். அப்பா அன்றைக்கு தொட்டுக்கொள்ள இரண்டு கரண்டி வெஞ்சனம் கூடுதலாக வாங்கிச் சாப்பிட்டார். கட்டைகளை எடுக்கத்தான் அம்மா சம்மதிக்கவில்லை.

அடுத்த வருஷம் நானும் அந்தக் காட்டுக்குக் குடித்தனம் போனேன். துவைத்த சேலை காய்வதற்குள் கறுத்துப் போகும் ஊர். பக்கத்து வீட்டில் ஒரு தெலுங்கு அம்மாள் இருந்தார். பாதி சைகையிலும் பாதித் தமிழிலுமாகப் பேசுவோம். நான் மட்டப்பாக் கதையைச் சொல்லிச் சிரித்தபோது அவர் சிரிக்கவில்லை. எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் இவர் சுரங்கத்துக்குள் ஒரு தெருவின் கூரையைத் தட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று ஆட்களை விட்டிருக்கிறார். மத்தியானம் அங்கே கூரை விழுந்து, இவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் போய்விட்டார். விசாரணையில் இவர்மேல் தப்பில்லை என்றுதான் சொன்னார்கள். இவர் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்றார் அந்த அம்மாள்.

இவரிடம் நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஊருக்கு வந்தபோது அப்பாவிடம் சொன்னேன். அப்பா வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த லீவில் மாப்பிள்ளை கம்பை எடுத்ததும், நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு, "ஓரத்துலயும் செத்த பாத்துருங்க மாப்ளே" என்றார்.

அறுபதுகளின் நடுவில் அந்தச் சுரங்கத்தில் கடைசித் தூண்களையும் எடுத்து முடித்து, வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். வேறு சுரங்கத்தில் இடம் தருவதாகச் சொன்னார்கள். இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளையும் என்னையும் கூட்டிக்கொண்டு சொந்த ஊருக்கே வந்து நிலம் பார்க்க ஆரம்பித்தார். தோட்டத்தில் கிணறு வெட்டினோம். பூமிக்குள்ளேயே பாதி ஆயுசைக் கழித்தவர், ஊற்று கண்டதும் முதல் ஆளாக இறங்கிப் பார்ப்பார் என்று கிணறு வெட்டுகிறவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இவர் மேட்டிலேயே நின்று, தண்ணீர் நல்லாத்தான் தெரிகிறது என்று சொல்லிவிட்டார். அதைச் சொல்லிச் சொல்லி ஊரே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

தக்காளி காய்த்து, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு லாரியில் லோடு ஏற்றியபோது, டிரைவர் மரியாதையாக முன்னால் உட்கார இடம் கொடுத்தார். இவர் ஏறி, கதவைச் சாத்தியதும் தலைக்குமேல் இருந்த தகரத்தை அண்ணாந்து பார்த்தார், உடனே இறங்கிவிட்டார். பின்பக்கம் ஏறிக் கூடைகளுக்கு மேலே உட்கார்ந்துகொண்டார். வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். துண்டையாவது தலையில் போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் கீழே நின்று கத்தினேன்.

"கெடக்கட்டும்ளா, வெயிலு நல்லாத்தேன் இருக்கு" என்றார். லோடு கிளம்பிவிட்டது.