பரீதாவின் சிவப்புக் கட்டம்

கூத்தாநல்லூரிலிருந்து பரீதாவின் அண்ணன் போன் செய்தபோது, பரீதா போட்ட எக்செல் ஷீட்டைத்தான் திறந்து வைத்திருந்தேன். “பரீதா மவுத்தாயிட்டா சார்” என்றார். அந்தச் சாவுச் செய்தியைக் கேட்டபின் ஷீட்டை மூடக்கூடத் தோன்றவில்லை.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்கள் வாய்க்கால் பாசன சங்கத்தில் நான் செயலாளர். கம்ப்யூட்டர் வேலை பரீதாவுடையது. தண்ணீர் குறைந்தால் முறை வைத்துத்தான் பாய்ச்சுவோம். ஒரு முறையில் எந்த வயலுக்கு எத்தனை மணி நேரம் என்று அந்த ஷீட் சொல்லும். அதன் பிரிண்டைப் பார்த்துவிட்டு, சங்க உறுப்பினர்களான உங்களில் பலர் பரீதாவிடம் சண்டைக்குப் போயிருக்கிறீர்கள்.

முதல் பிரிண்டிலேயே தப்பு. வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் வயல் வைத்திருக்கும் மாரியப்பனுக்குச் சேர வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் விழுந்திருந்தது. எல்லோரும் நிலத்தை மாக்கணக்கில் சொல்ல, அவர் மட்டும் ஏக்கரில் சொல்லியிருந்தார். மூன்று மா ஓர் ஏக்கர். நான் வெறும் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டு, பென்சிலால் கணக்குப் போட்டு பரீதாதான் கண்டுபிடித்தார். “கம்ப்யூட்டருக்கு மாவும் தெரியாது, ஏக்கரும் தெரியாது சார். நாமதான் பக்கத்துல எழுதணும்.”

அன்றைக்கே ஷீட்டைப் புதிதாகப் போட்டார். கேட்டு எழுதும் எண்கள் ஒரு பக்கம், பார்முலா எல்லாம் இன்னொரு பக்கம். பார்முலாவின் மேல் யாரும் எண்ணைத் தட்டாதபடி பூட்டு. கடைசி வரியில் ஒரு கட்டம்: எல்லோருடைய நேரத்தையும் கூட்டினால் முறையின் மொத்த நேரத்துக்குச் சரியாக வர வேண்டும், வராவிட்டால் சிவக்கும். “போட்டவங்களே பார்த்தா தப்பு தெரியாது சார். நீங்க ஒரு தடவை பாருங்க” என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

போன சம்பாவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பாஸ்வேர்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வாரமே, வாய்க்காலின் தொடக்கத்தில் வயல் உள்ள தலைமடைக்காரர் ஒருவர் வந்து, நேரம் போதவில்லை என்று மேசையைத் தட்டிக் கத்தினார். நான் பூட்டைத் திறந்து, அவர் வரியில் பார்முலாவை அழித்து, ஆறு மணி நேரம் கூட்டித் தட்டினேன். கீழே கட்டம் சிவந்தது. பிரிண்டில் அசிங்கமாகத் தெரியுமே என்று அதை வெள்ளையாக்கினேன்.

அன்று சாயங்காலம் பரீதா போன் செய்தார். “கடைசிக் கட்டம் என்ன கலர்ல இருக்கு சார்?”

“வெள்ளையாத்தாம்மா இருக்கு.”

“அப்ப சரி சார்.”

பொய் சொல்லவில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பரீதா வேலைக்குத் திரும்பவே இல்லை; அந்த முறையிலும் அடுத்த முறைகளிலும் அதே ஷீட்தான் ஓடியது. ஒவ்வொரு தடவையும் மாரியப்பன் வயலுக்குத் தண்ணீர் எட்டும் முன்பே, முறை நேரம் முடிந்தது என்று மதகை அடைத்தார்கள். கதிர் முழுக்கப் பதர்.

பரீதாவை அடக்கம் செய்துவிட்டு வந்து மாரியப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அந்தம்மாவுக்குத் தெரியுமாங்க?” என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன்.

சிவப்பை மறுபடி போட்டுவிட்டேன். ஆனால் இந்த ஆண்டு ஷீட்டே வேண்டாம் என்று தலைமடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்; கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். பரீதாவின் நினைவாக, அவரிடமிருந்து என்ன கற்றுக்கொண்டேன் என்று நீங்கள் எழுதச் சொன்னீர்கள். கற்றுக்கொண்டிருந்தால் மாரியப்பன் நெல் அறுத்திருப்பார். என்னிடம் மிஞ்சியிருப்பது, என்னை நம்பி பரீதா சொன்ன அந்த “அப்ப சரி சார்” ஒன்றுதான்.